ஆப்ட் கருவியும் அதன் பிழைச்செய்தியும்

டெபியன் லினக்சில் தனியே பதிவிறக்கிய பொதியை டிபிகேஜி கொண்டு நிறுவினால், அது சார்ந்துள்ள பிற பொதிகள் தாமாக வரமாட்டா. இல்லாதவற்றின் பெயரைச் சொல்லிவிட்டு வேலை பாதியில் நிற்கும். 1999இல் வெளியான டெபியன் 2.1 முதல் உடன்வரும் ஆப்ட், களஞ்சியத்திலிருந்து அவற்றையும் எடுத்துத் தருகிறது. பெரிய வசதிதான். ஆனால் அது தோற்கும்போது, பழுதான பொதிகளைப் பயனரே நிறுத்திவைத்திருப்பதாகக் கூறும் செய்தி ஏற்கத்தக்கதன்று. பெரும்பாலும் அவர் எதையும் நிறுத்தியிருக்கமாட்டார். வேறு வெளியீட்டுக்குரிய களஞ்சியம் பட்டியலில் கலந்திருக்கும். காரணம் எழுதாமல் விடைத்தாளில் சுழிக்கும் ஆசிரியரைப் போன்றது இது (நானும் சுழித்திருக்கிறேன்). மாணவர் அந்தக் கடைசி வரியை விட்டு மேல்வரிகளைப் படிக்கவேண்டும்: எந்தப் பொதிக்கு எந்தப் பதிப்பு தேவை, எது கிடைக்கிறது என்பது அங்கேதான் உள்ளது. 'ஃபிக்ஸ்-புரோக்கன்' கட்டளையோ, நிறுவவந்த பொதியையே நீக்கிவிடவும் கூடும். நீக்கப்படுவனவற்றின் பட்டியலைப் பார்க்காமல் ஒப்புதல் தரலாகாது.