திருநெல்வேலியிலிருந்து பறக்காத விமானம்

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் 'விமான தூரம்' சொல்லும் தளங்கள் இணையத்தில் ஏராளம். திருநெல்வேலி, சான் பிரான்சிஸ்கோ என்று கொடுத்தால் கணக்குப்படி சுமார் 14,450 கி.மீ. வரும். திருநெல்வேலியில் விமான நிலையமே கிடையாது, பக்கத்தில் இருப்பது வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி நிலையம்தான். கணக்குக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு ஜோடி அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும்தான்.

உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஹாவர்சைன் சூத்திரம். பத்து வரி நிரல் போதும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் மிகக் குறுகிய வளைவை அளக்கும். ஆனால் நிஜ பூமி நிலநடுக்கோட்டில் 6,378, துருவத்தில் 6,357 கி.மீ. ஆரம் கொண்டது. அதனால் விடை அரை சதவீதம் வரை தவறலாம். 14,450-ல் அது சுமார் 70 கி.மீ., அதாவது தச்சநல்லூரிலிருந்து தூத்துக்குடி போகிற தூரத்தைவிட அதிகம். அப்புறம் இரண்டு தசம இடம் எதற்கு?

இதைக்கூட விட்டுவிடலாம். என் பெரிய ஆட்சேபம் 'விமான தூரம்' என்ற பெயர் மேல்தான்.

டெல்லி – சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்க. சூத்திரம் சொல்வது சுமார் 12,380 கி.மீ. அந்த வளைவு திபெத், சைபீரியா, ஆர்க்டிக் வழியாகப் போகிறது. திபெத் பீடபூமி மேல் கேபினில் காற்றழுத்தம் குறைந்தால், விமானம் சட்டென்று பத்தாயிரம் அடிக்கு இறங்க முடியாது. கீழே தரையே அதைவிட உயரம். ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகப் பறந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது, சுமார் 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்தது! மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக்காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம்.

காற்று மட்டுமல்ல, அரசியலும் தூரத்தை மாற்றும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. வட அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிவிட்டுப் போயின. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. சூத்திரத்தின் விடையும் மாறவில்லை.

ஆகவே தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து 'பயண நேரம்' என்று போடுவது தப்பான தகவல். முதல் தடவையா பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் வயதான அப்பா அம்மா, மாத்திரை வேளையை அந்த எண்ணை நம்பித் திட்டமிடலாம். விமானப் புகையின் கார்பன் கணக்கையும் அந்தத் தூரத்தை வைத்தே போட்டால், எரிந்த எரிபொருளைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

திருத்தம் ரொம்பச் சுலபம். 'விமான தூரம்' என்பதை எடுத்துவிட்டு 'பூமியின் மேல் மிகக் குறுகிய தூரம், தோராயமாக' என்று போடுங்க. பயண நேரத்துக்கு விமான அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்க. சூத்திரத்தில் பிழை இல்லை, அதற்கு ஒட்டிய பெயர்ச்சீட்டில்தான் பிழை.