எட்டாத ஏடுகள்: எண்ணிமச் சேகரங்களும் பட்டியலாக்கப் பணியும் – ஒரு விமர்சன நோக்கு

நூலகங்கள், சுவடிக்கூடங்கள், நூதனசாலைகள் ஆகியவற்றின் சேகரங்களை எண்ணிம வடிவில் இணையத்தில் இடும் முயற்சி கடந்த கால் நூற்றாண்டில் உலகெங்கும் விரைவு பெற்றுள்ளது. தமிழிலும் இம்முயற்சிக்கு மதிப்பார்ந்த வரலாறு ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் திரட்டிவரும் நூலகம் எண்ணிம நூலகமும் தன்னார்வலரின் உழைப்பினால் வளர்ந்தவை. ஆயினும் இத்தகைய முயற்சிகள் பற்றிப் பேசுவோர் எத்தனை நூல்கள், எத்தனை பக்கங்கள் ஏற்றப்பட்டன என்னும் கணக்கையே பெரும்பாலும் முன்வைக்கின்றனர். ஏற்றப்பட்டவற்றுள் எத்தனை தேடுவோர் கைக்கு எட்டுகின்றன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பிரதியெடுத்தல் பாதுகாப்பின் முதற்படி மாத்திரமே. பிரதியெடுத்ததை விவரித்துப் பட்டியலிடும்போதே அப்பணி நிறைவுறுகின்றது. அவ்விவரிப்பு எழுதுவினைஞரிடம் ஒப்படைத்துவிடக்கூடிய இயந்திர வேலையன்று. மொழியறிவும் வரலாற்றறிவும் வேண்டி நிற்கும் புலமைப் பணியாகும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் இலக்கிய வரலாற்றெழுத்தின் தோற்றுவாயிலேயே பட்டியல்கள் நிற்கின்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்', ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' ஆகிய இரண்டும் புலவர்களை அகரவரிசையில் நிறுத்தி விவரிப்பன. கிறித்தவ நூல்வெளியீட்டுப் பணியில் ஈடுபட்டிருந்த ஜோன் மேர்டொக் 1865இல் அச்சேறிய தமிழ் நூல்களுக்குப் பொருள்வாரியான பட்டியலொன்றைத் தொகுத்தளித்தார். பின்னெழுந்த இலக்கிய வரலாறுகள் இத்தகைய பட்டியல்கள் இட்ட அடித்தளத்தின்மீதே எழுப்பப்பட்டன. இப்பட்டியல்களில் இடம்பெற்றவை வரலாறாயின. இடம்பெறாதவற்றிற் பல மறக்கப்பட்டன. எதனைச் சேர்ப்பது, எத்தலைப்பின்கீழ் வைப்பது, எப்பெயரால் அழைப்பது என்னும் தீர்மானங்களிலே தொகுப்பாளரின் இலக்கியக் கண்ணோட்டம் தொழிற்படுகின்றது. எனவே பட்டியலாக்கத்தை விமர்சனத்தின் முதல் வடிவம் எனக் கொள்வது மிகையாகாது.

இப்பணியின் முக்கியத்துவத்தை இரு நிகழ்வுகளை அருகருகே வைத்து நோக்குமிடத்துத் தெளிவாக உணரலாம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தழிந்தன. அங்கே ஏடுகளே இல்லாதொழிந்தன. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் பிரித்தானிய நூலகத்தின் கணினி வலையமைப்புத் தாக்குதலுக்குள்ளாயிற்று. அங்கே நூல்கள் தட்டுகளிலேயே இருந்தன. ஒரு தாளேனும் எரியவில்லை. ஆனால் இணையவழிப் பட்டியல் செயலிழந்தமையால், எந்த நூல் எங்கேயுள்ளது என அறியும் வழி அடைபட்டது. 2024ஆம் ஆண்டு சனவரி நடுப்பகுதியில் அப்பட்டியல் குறைந்த வசதிகளுடன் மீளும் வரை ஆய்வாளர் பலரின் பணி தடைப்பட்டுக் கிடந்தது. இவ்விரு நிகழ்வுகளும் தன்மையிலும் கொடுமையிலும் ஒப்பிடத்தக்கனவல்ல. எனினும் இரண்டாவது நிகழ்வு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது: பட்டியல் அற்றுப்போனால், இருக்கும் நூலும் வாசகனைப் பொறுத்தவரை இல்லாத நூலே. 1981இன் இழப்பு நமக்கு ஏடுகளைக் காக்கும் வேட்கையைத் தந்தது. ஏடுகளைச் சென்றடையும் வழியையும் காக்கவேண்டும் என்னும் உணர்வு அதே அளவில் இன்னும் வளரவில்லை.

எண்ணிமச் சேகரங்களைப் பொறுத்தவரையில் இவ்வழி எவ்வாறு அமைகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வாசகர் பெரும்பாலானோர் ஒரு சேகரத்தின் முகப்பிலிருந்து தம் தேடலைத் தொடங்குவதில்லை; பொதுவான தேடுபொறியிலேயே தொடங்குகின்றனர். தேடுபொறி இணைப்புகளைப் பின்தொடர்ந்து சென்று, பக்கங்களிலுள்ள சொற்களைத் திரட்டி அடைவு செய்கின்றது. ஆகவே ஒவ்வோர் ஆவணத்துக்கும் நிலையான தனி முகவரி இருத்தல் வேண்டும். அம்முகவரிக்கு இட்டுச்செல்லும் இணைப்பும், அங்கே வாசிக்கத்தக்க சொற்களும் இருத்தல் வேண்டும். ஒரு சேகரத்தின் சொந்தத் தேடற்பெட்டியிற் சொல்லைத் தட்டினால் மாத்திரம் வெளிப்படும் ஆவணம் தேடுபொறியின் பார்வைக்குப் பெரும்பாலும் படுவதில்லை. இருநூறு பக்க நூலொன்றைப் படிமங்களாக மாத்திரம் ஏற்றி, கோப்பின் பெயராக ஓர் இலக்கத்தை இட்டுவிட்டால், கணினியின் நோக்கில் அஃது இருநூறு நிழற்படங்களேயன்றி நூலன்று.

சொற்கள் இருந்தாலும் அவை எந்நிலையில் உள்ளன என்பது அடுத்த சிக்கல். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்கிலிருந்த பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியெண்களின்மீது தமிழ் வடிவங்களை ஏற்றியவை. மனிதக் கண்ணுக்குத் தமிழ்ச் சொல்லாகத் தோன்றுவது கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவையே. ஒருங்குறி 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டபோதிலும், பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டவை மாற்றப்படாதவரையில் தமிழில் தேடுவோருக்கு அகப்படமாட்டா. ஒருங்குறிக்குள்ளும் இடர் இல்லாமலில்லை. 'ஸ்ரீ' என்னும் எழுத்தை இருவேறு குறியெண் வரிசைகளால் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் இணைக்கும் ஏற்பாடில்லாத தேடலிலோ ஒன்றைத் தேடினால் மற்றையது கிடைக்காது.

எழுத்தின் சிக்கலைவிடப் பெயரின் சிக்கல் ஆழமானது. ஈழத்து இலக்கியத்திலே சிவஞானசுந்தரம் என்னும் இயற்பெயர் கொண்ட எழுத்தாளர் மூவர் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவரான இலங்கையர்கோன். மற்றொருவர் மருத்துவரும் நாவலாசிரியருமான நந்தி. மூன்றாமவர் 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர். ஒரு பட்டியலிலே இயற்பெயரும் வேறொன்றிலே புனைபெயரும் இடம்பெறும்போது, ஒருவர் இருவராகப் பிரிவதும் மூவர் ஒருவராக இணைவதும் நேரும். கவிஞர் 'மஹாகவி' உருத்திரமூர்த்தியின் நிலை இன்னும் இக்கட்டானது. 'மகாகவி' என்று தேடுவோர் முன் பாரதியே நிறைந்து நிற்பார். அளவெட்டி தந்த கவிஞரோ பின்னே மறைந்துவிடுவார். இவை தேடுபொறியின் குறைகளல்ல. இன்னார் இன்னாரே என்று அறிந்தவர் அதனைப் பதிவு செய்யாமையின் விளைவுகளே.

இடப்பெயரும் வழக்குச் சொல்லும் இத்தகையனவே. வண்ணார்பண்ணை பழைய நூல்களில் வண்ணை எனவும் வழங்கும். தமிழ்நாட்டார் 'ரப்பர்', 'கம்பெனி' என எழுதுவனவற்றை ஈழத்தவர் 'றப்பர்', 'கொம்பனி' என எழுதுவர். மேனாட்டு நூலகங்களிலோ தமிழ்ப் பெயர்கள் உரோமன் எழுத்திலேயே நெடுங்காலம் பதியப்பட்டுவந்தன. பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரித்தானிய நூதனசாலைத் தமிழ் நூற்பட்டியல் அம்மரபின் சிறந்த சான்று. அதன் புலமை போற்றத்தக்கது. ஆனால் ஒலிபெயர்ப்பு முறையை முன்னரே அறிந்தவருக்கே அத்தகைய பட்டியல் எளிதில் வழிகாட்டும். ழகரத்தை ஒரு முறை கீழ்க்கோடிட்ட ஓர் உரோமன் எழுத்தாற் குறிக்க, பொதுவழக்கு வேறிரு எழுத்துக்களாற் குறிக்கின்றது. தமிழெழுத்தில் தேடும் தமிழ் மாணவர் தம் மொழி நூலையே காணாது மீள நேர்வது இதனாலாகும்.

காலக் குறிப்பிலோ புலமையின் தேவை ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுகின்றது. பழைய நூல்கள் பலவற்றின் முகப்பில் தமிழ் வருடப் பெயர் மாத்திரமே காணப்படும். 'பிரபவ' என்றிருப்பின் அது 1867ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், 1927ஆம் ஆண்டாகவும் இருக்கலாம். அச்சகம், எழுத்துவடிவம், பதிப்பித்தவரின் வாழ்நாள், சாற்றுகவி தந்தோர் முதலியவற்றை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும். அறுபது ஆண்டு பிழைத்தால் ஒரு நூலின் வரலாற்றுப் பொருளே மாறிவிடும். இத்தீர்மானத்தைச் செய்பவர் வெறும் தரவுப் பதிவாளரல்லர். அவர் பதிப்பாசிரியருக்கு நிகரான ஆய்வாளர்.

இவ்வகையில் நூலகம் எண்ணிம நூலகத்தின் ஒரு நடைமுறை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சஞ்சிகை இதழ்கள் பலவற்றுக்கு அமைக்கப்பட்ட தனிப்பக்கங்களில் அவ்விதழின் உள்ளடக்கம் கட்டுரைத் தலைப்புகளுடன் தட்டெழுதப்பட்டுள்ளது. தோற்றத்தில் எளியதாகிய இவ்வேலை பயனிற் பெரியது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' போன்ற சஞ்சிகையின் ஓரிதழ் ஒரே கோப்பாகக் கிடந்தால், அதனுள்ளிருக்கும் சிறுகதையைத் தேடி வருபவர் எவருமிலர். உள்ளடக்கம் சொல்லாக எழுதப்பட்டதும் ஒவ்வோர் ஆக்கமும் தேடுபொறியின் கண்ணிற் படுகின்றது. ஈழத்து நவீன இலக்கியம் நூல்வடிவிலும் பார்க்கச் சஞ்சிகைகளிலும் பத்திரிகைகளிலுமே பெரிதும் வளர்ந்தது. ஆதலின் இந்நடைமுறையை ஈழத்து இலக்கிய வரலாற்றுக்கான அடிப்படைப் பணி எனலாம். ஆயினும் தலைப்பு தலைப்பாக மாத்திரம் நிற்கும்போது பொருளால் தேடுவோருக்கு அது போதாது. உருவகத் தலைப்புடைய கட்டுரையொன்று நாட்டார் வழக்காறு பற்றியதா, மலையகத் தொழிலாளர் பற்றியதா என்பதைத் தலைப்பு சொல்லாது. அதனை வாசித்தறிந்த ஒருவரே சொல்லுதல் வேண்டும்.

பிறநாட்டு அனுபவங்களும் இங்கே துணைபுரிகின்றன. 1995இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டப்ளின் நகரிற் கூடியோர் தொடங்கிவைத்த டப்ளின் கோர் முறை, ஆக்கியோன், தலைப்பு, பொருள், காலம் முதலிய பதினைந்து கூறுகளில் எந்த ஆவணத்தையும் விவரிக்க வழிசெய்தது. வெவ்வேறு சேகரங்கள் ஒரே அமைப்பில் விவரிக்கப்பட்டாலன்றி அவற்றை ஒருங்கே தேடவியலாது. 2008 நவம்பரில் ஐரோப்பியச் சேகரங்களை ஒருங்கிணைத்துத் தொடங்கப்பட்ட யூரோப்பியானா, முதல் நாளிலேயே வாசகர் நெரிசலைத் தாங்காது முடங்கியது. தேடுவோருக்குக் குறைவில்லை என்பதற்கு அதுவே சான்று. 2012இல் அது இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பொருள்களின் விவரிப்புகளை எவரும் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. நூலுக்கு உரிமையாளர் இருக்கலாம். நூல் பற்றிய விவரிப்பு எவ்வளவுக்குப் பரவுகின்றதோ அவ்வளவுக்கு நூல் கண்டடையப்படும் என்பதே அதன் உட்பொருள். அதே 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் ஏறத்தாழ 3,000 நிழற்படங்களைப் பிளிக்கர் தளத்திலிட்டு, பொதுமக்களின் குறிப்புகளை வரவேற்றது. படத்திலிருந்த இடங்களையும் ஆட்களையும் வாசகர் பலர் இனங்காட்டினர். அவர்கள் தந்த தகவல்களிற் சரிபார்க்கப்பட்டவை நூலகப் பட்டியலையே திருத்தின.

இனி, இரு மறுப்புகளைக் கவனித்தல் தகும். தன்னார்வலர் சிலரே உள்ள நிலையில் முதலில் அழியும் ஏட்டைப் படியெடுப்பதே அறிவுடைமை என்பது ஒன்று. இதில் நியாயம் உண்டு. செல்லரிக்கும் சுவடி பட்டியலாளருக்காகக் காத்திராது. எனினும் படியெடுத்தவரே அறிந்திருக்கும் செய்திகள், அதாவது எவர் வீட்டில் எந்நிலையிற் கிடைத்தது என்பன போன்றவை, அன்றே எழுதப்படாவிடின் பின்னர் எவராலும் எழுதப்படமாட்டா. அழியும் ஏட்டைப் போன்றே அவ்வறிவும் அழியக்கூடியது. எழுத்துணரி மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் விரைவில் யாவற்றையும் வாசித்துவிடும் என்பது மற்றையது. தெளிவான புதிய அச்சினை அவை இன்று பெருமளவு வாசிக்கின்றன என்பது உண்மையே. ஆனால் மங்கிய தாளும், பழைய கூட்டெழுத்து வடிவங்களும், புள்ளியிடாத ஓலைச்சுவடியும் இன்னும் இடர்தருவன. பிழையற வாசித்தாலுங்கூட, அச்சிலுள்ளதையே கருவி தரும். புனைபெயருக்குப் பின்னிருப்பவர் எவர் என்பது பல வேளைகளில் எங்கும் அச்சிடப்படவில்லை. அது மூத்த எழுத்தாளர் சிலரின் நினைவிலும், அச்சகத்தார் சிலரின் பேச்சிலும் மாத்திரமே வாழ்கின்றது.

இங்கேதான் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் பொறுப்பு முனைப்புப் பெறுகின்றது. ஒரு சஞ்சிகையின் முழுத்தொகுதிக்கும் பொருளடைவு தயாரித்தல், ஒரு பிரதேசத்து எழுத்தாளரின் புனைபெயர்களைச் சான்றுடன் தொகுத்தல், ஆண்டு குறிக்கப்படாத நூல்களின் காலத்தை ஆராய்தல் ஆகியவை இளங்கலை மாணவரின் ஆய்வேட்டுக்கு முற்றும் தகுதியான பொருள்கள். ஏற்கெனவே பலர் எழுதிய நாவலுக்கு மேலுமொரு பாத்திர ஆய்வு செய்வதிலும் பார்க்க இவற்றாற் பின்வருவோருக்கு விளையும் பயன் பெரிது. அவ்வாறு தயாரிக்கப்படும் ஆய்வேடு துறை நூலகத்து அலுமாரியில் உறங்காமல், எண்ணிமச் சேகரங்களுடன் இணைக்கப்படவும் வேண்டும்.

தேடிக் கிடைப்பதைக் கொண்டே நாளைய ஆய்வாளர் ஈழத்து இலக்கிய வரலாற்றை எழுதுவர். கிடைக்காதவற்றை இல்லாதவை என்றே முடிவு கட்டுவர். சிற்றூரிலிருந்து இரண்டு இதழ்களே வெளிவந்து நின்றுபோன சஞ்சிகை, ஒரேயொரு கதை எழுதிய தோட்டத் தொழிலாளி, புனைபெயரில் எழுதிய பெண் ஆகியோரே அம்முடிவினால் முதலில் விடுபட்டுப்போவர். அவர்கள் எழுதியவை படியெடுக்கப்பட்டு ஏதோவொரு கோப்பினுள் இருந்தும் இவ்விடுபடல் நேருமாயின், அதற்குத் தீயின்மீதோ கறையான்மீதோ பழிபோட இயலாது.