எ விசர்ட் ஆஃப் எர்த்சீ: பகைவனை மிச்சம் வைக்காத முதல் நாவல்

'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குயின் எழுதிய மிகுபுனைவு நாவல். 1968-ல் பார்னசஸ் பிரஸ் வெளியிட்டது. 1964-ல் லெ குயின் எழுதிய இரண்டு சிறுகதைகளில் இந்நாவலின் தீவுலகம் முதலில் இடம்பெற்றது. ஐந்து நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் கொண்ட எர்த்சீ வரிசையின் முதல் நாவல் இது.

சாகச வரிசையின் முதல் நூல் பொதுவாக மூன்று வேலைகளைச் செய்யும். ஓர் உலகை அறிமுகப்படுத்தும், வலிமையான பகைவனைக் காட்டும், அவனை முழுதாக வீழ்த்தாமல் அடுத்த நூலுக்கு விட்டுவைக்கும். இந்நாவல் மூன்றாவது வேலையைச் செய்வதில்லை. இதில் தொடங்கும் பகை இதிலேயே முடிந்துவிடுகிறது. வரிசையின் பிற நூல்களைப் படிக்காதவருக்கும் இது முழுமையான நாவலாக நிற்கிறது.

கதைச்சுருக்கம்

கான்ட் தீவின் மலைக்கிராமத்தில் பிறந்தவன் கெட். தாயை இழந்த அவனுக்கு ஊர் மந்திரக்காரியான பெரியம்மா முதல் மந்திரங்களைக் கற்றுத்தருகிறாள். பின்னர் ஓகியன் என்ற மந்திரவாதியிடம் மாணவனாகச் சேர்கிறான். ஓகியன் மழையை நிறுத்தத் தெரிந்தும் அதில் நனைந்தபடி நடப்பவர். அவருடைய பொறுமை பிடிபடாமல் கெட் ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே சக மாணவன் ஜாஸ்பரின் ஏளனத்தைத் தாங்காமல், இறந்த ஒருத்தியின் ஆவியை அழைத்துக் காட்ட முயல்கிறான். அப்போது திறந்த பிளவு வழியாக உருவமற்ற நிழல் ஒன்று வெளியேறி அவனைத் தாக்குகிறது. பிளவை மூடிய தலைமை மந்திரவாதி உயிரிழக்கிறார். கெட் முகத்தில் வடுக்களோடு பிழைக்கிறான். அதன்பின் நிழல் அவனைத் துரத்துகிறது. ஓகியனின் அறிவுரைப்படி அவன் திரும்பி நின்று நிழலைத் துரத்தத் தொடங்குகிறான்.

பெயரும் ஆற்றலும்

எர்த்சீயில் ஒவ்வொன்றுக்கும் ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவருக்கே அதன்மேல் ஆற்றல். அதனால் மனிதர்கள் தம் மெய்ப்பெயரை மறைத்து, வேறொரு பெயரில் புழங்குகிறார்கள். நம்பியவரிடம் மட்டுமே மெய்ப்பெயரைச் சொல்கிறார்கள். இதன் காரணமாக நாவலில் நட்பின் உச்சம் தியாகக் காட்சியாக இல்லாமல், வெட்ச் தன் பெயரை கெட்டிடம் சொல்லும் சிறிய தருணமாக அமைகிறது.

மந்திரத்துக்கு விலையும் உண்டு. ஒரு கல்லை உண்மையிலேயே வைரமாக்க வேண்டுமென்றால் அதன் பெயரை மாற்ற வேண்டும். அது உலகையே மாற்றுவதாகும் என்று பள்ளியில் ஆசிரியர் எச்சரிக்கிறார். மாணவர்கள் தனிக் கோபுரத்தில் மாதக்கணக்கில் பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். மந்திரம் இங்கே உழைத்துக் கற்கும் கல்வி, பொறுப்போடு கையாள வேண்டிய கல்வி.

கட்டமைப்பு

பத்து அத்தியாயங்கள் கொண்ட இந்நாவலில் டிராகனுடனான மோதல் ஐந்தாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. வேறொரு சாகசக் கதையில் அதுவே உச்சகட்டமாக இருந்திருக்கும். இங்கே அது கெட்டின் குணத்தைச் சோதிக்கும் இடம். நிழலின் பெயரைச் சொல்வதாக டிராகன் ஆசை காட்டுகிறது. கெட் அதை ஏற்காமல் தீவு மக்களின் பாதுகாப்பைக் கேட்டுப் பெறுகிறான். ஆறாம் அத்தியாயத்தில் வேட்டையாடப்படுபவன் எட்டாம் அத்தியாயத்தில் வேட்டைக்காரனாகிறான்.

நாவலின் முடிவு திடீரென வருவதில்லை. நிழலுக்குப் பெயரே இல்லை என்று ஒருவர் சொல்ல, டிராகனும் ஓகியனும் அதற்குப் பெயர் உண்டு என்கிறார்கள். இதற்கிடையே நிழல் கெட்டை அவன் மெய்ப்பெயரால் அழைக்கிறது. அந்தப் பெயர் அதற்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியிலேயே விடை இருக்கிறது. கடலின் விளிம்பில் இருவரும் ஒருவரை ஒருவர் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அங்கே வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, கெட் முழுமையடைகிறான். விமர்சகர்கள் இதை கார்ல் யுங்கின் 'நிழல்' கருத்தோடு ஒப்பிடுவதுண்டு. அந்த ஒப்பீடு இல்லாமலும், நாவல் தானே வகுத்த பெயர் விதிகளைக் கொண்டே இம்முடிவு பொருந்துகிறது.

நிறம்

கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கரிய நிறத்தவன். படையெடுத்து வரும் கார்கர்களே வெள்ளையர்கள். அறுபதுகளின் ஆங்கில மிகுபுனைவில் இது அரிது. நாவல் இதைப் பறைசாற்றாமல் போகிற போக்கில் சொல்கிறது. 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டாக வெள்ளை நடிகர் நடித்ததை லெ குயின் வெளிப்படையாகக் கண்டித்தார்.

குறைகள்

நாவலின் பெரிய குறை அதன் பெண்கள். ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெரியம்மாவின் மந்திரம் தாழ்வானதாகவே பேசப்படுகிறது. செரெட் ஆசை காட்டி வீழ்த்த முயல்பவள். வெட்சின் தங்கை வீட்டோடு நின்றுவிடுகிறாள். இவற்றை அந்த உலகத்தின் வழக்கம் என்று மட்டும் கொள்ள முடியாது, கதைசொல்லியும் இவற்றைக் கேள்வி கேட்பதில்லை. 1990-ல் வெளிவந்த 'தெஹானு' நாவலில் லெ குயின் இந்த உலகைப் பெண்களின் பக்கமிருந்து மீண்டும் பார்த்தார். பகைவனை மிச்சம் வைக்காததால் இவ்வரிசை போரை நீட்டிக்க வேண்டியிருக்கவில்லை, முதல் நூல் கேட்காமல் விட்டவற்றைப் பின்னர் கேட்க முடிந்தது.

மதிப்பீடு

கெட் பிற்காலத்தில் தலைமை மந்திரவாதியாவான் என்பதை நாவல் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறது. அவன் பிழைப்பானா என்ற பதற்றத்துக்கு இடமில்லை. எப்படிப்பட்டவனாகப் பிழைப்பான் என்பதே வாசகரை இழுத்துச் செல்லும் கேள்வி. அவன் புகழ் பாடும் காவியத்தில் இந்தக் கடற்பயணம் இடம்பெறவில்லை என்று நாவல் முடிவில் குறிப்பிடுகிறது. நிழலைச் சந்தித்ததே கெட்டின் மிகக் கடினமான செயல், அதற்கு ஊர் பாடும் பாட்டு இல்லை. வளரும் வயது வாசகருக்கு இந்நாவல் தரும் முதன்மையான அனுபவம் இதுவே.