ஆசற்ற இணைப்பு

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பார்க்க அழைத்தால், மீன்களைப் பார்த்த கையோடு கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறக்கச் சொல்வது என் வழக்கம். மேலே 1,500 லிட்டர் உப்புநீர் தெளிந்து நிற்பதற்குக் காரணமான கருவிகள் அங்கேதான் இருக்கும். கடையில் வாங்கியவை என்றால் ஒரு பார்வையோடு எழுந்துவிடுவேன். வீட்டுக்காரரே அக்ரிலிக் தகடு வாங்கி அறுத்து, இழைத்து, ஒட்டிச் செய்தவை என்றால் தரையிலேயே உட்கார்ந்துவிடுவேன். என் கண் முதலில் தேடுவது இணைப்புகளைத்தான். இரண்டு தகடுகள் சேரும் மூலையில் ஒரு குமிழ்கூட இல்லாமல் பார்வை ஊடுருவிப் போனால், செய்தவரின் கையைப் பிடித்துப் பார்க்கத் தோன்றும்.

பவளத்தைத் தொட்டியில் வாழவைக்கும் கலைக்கு வயது அதிகமில்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர் குடியிருக்கும் பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழ்களையும் நம்பித் தாம் நடத்திய தொட்டிகளைப் பற்றி 1961-இல் எழுதினார். பிறகு ஜெர்மானியர்கள் அந்தப் பாறைகளோடு, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் வலுவான நுரைபிரிப்பானைச் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்று அதற்குப் பெயர் வந்தது. பெரிய தொட்டிக்கு ஏற்ற கருவிக்கு விலை அதிகம் என்பதால் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பலர் தங்கள் கார் கொட்டகைகளிலேயே அதைச் செய்யத் தொடங்கினார்கள். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். ஆனாலும் இந்தக் கைவேலையின் நயத்தை எங்கிருந்தும் ரசிக்கலாம்.

முதலில் தகட்டைப் பார்ப்போம். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் கொண்டுவந்த பொருள் இது. விழும் ஒளியில் ஏறத்தாழ 92 விழுக்காட்டை உள்ளே விடும். எடையோ கண்ணாடியில் பாதிகூட வராது. கடையில் இரண்டு வகை கிடைக்கும். அச்சுத் துளை வழியே பிதுக்கி எடுத்த தகடு விலை குறைவு. ஆனால் பிதுக்கிய வேகத்தின் இறுக்கம் அதனுள் தங்கியிருக்கும். வார்ப்புத் தகடு இரண்டு கண்ணாடிப் பாளங்களுக்கு நடுவே திரவமாக ஊற்றப்பட்டு, நிதானமாக இறுகியது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே அதன் முகத்தில் பதிந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். வாங்கியதும் மேலே ஒட்டிய காகிதத்தை உரிக்கமாட்டார்கள். ஒட்டும் ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கிவிட்டு, மிச்சத்தைக் கடைசி நாள்வரை விட்டுவைப்பார்கள். ஒரு கீறல் விழக் கூடாது என்ற அக்கறை அது.

அடுத்தது விளிம்பு. ரம்பம் அறுத்த விளிம்பை விரல்நுனியால் தடவினால் மேடுபள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளம் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு குமிழ். அதனால் ரவுட்டர் என்ற இழைப்பு இயந்திரத்தில் கூரான கார்பைடு முனையைப் பொருத்தி, அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் தள்ளி இழைப்பார்கள். வெள்ளைச் சீவல் தேங்காய்ப்பூப்போல் உதிரும். இழைத்த விளிம்பு மின்னாது. பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும், ஆனால் முழு நீளமும் ஒரே சமம். தீக்கொழுந்தை ஓட்டி விளிம்பைப் பளபளப்பாக்கும் வித்தையும் உண்டு. ஒட்டப்போகும் விளிம்பில் அதைச் செய்யமாட்டார்கள். சூடு உள்ளே இறுக்கத்தை ஏற்றிவிடும். ஒட்டும் திரவம் பட்டதும் மயிரிழை விரிசல்கள் ஓடும். பளபளப்பு வெளியே தெரியும் விளிம்புக்கு, மங்கல் ஒட்டும் விளிம்புக்கு என்று இந்த வேலையில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது.

இனி ஒட்டுதல். செய்பவர் படுத்த தகட்டின்மேல் இன்னொரு தகட்டை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே தையல் குண்டூசிகளை வரிசையாகச் செருகுகிறார். ஊசியின் பருமன் அளவுக்கு ஓர் இடுக்கு கிடைக்கிறது. முனையில் ஊசி பொருத்திய சிறு புட்டியால் அந்த இடுக்கு நெடுக டைகுளோரோமீத்தேன் கலந்த திரவத்தை விடுகிறார். தண்ணீரைவிட இளக்கமான திரவம் அது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தானே ஓடி இடுக்கை நிறைக்கும். அரை நிமிடம், தகடு கனமென்றால் இன்னும் சற்று நேரம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இரண்டு பரப்புகளும் இளகியபின் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவுகிறார். தகடு தன் எடையாலேயே மெல்ல இறங்கி அமர்கிறது. ஓரத்தில் இளகிய அக்ரிலிக் நூலிழைபோல் பிதுங்குகிறது. அந்த நேரத்தில் கை துறுதுறுக்கும். ஆனால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் இளகியதெல்லாம் வெளியேறி, நடுவில் வறண்ட திட்டும் குமிழும் மிஞ்சும். தகட்டின் எடை போதும் என்று விடத் தெரிந்தவர்தான் தேர்ந்தவர்.

இங்கே பசை என்று எதுவுமே இல்லை. ஒரு தகட்டின் நீண்ட மூலக்கூறுகள் மற்றதற்குள் புகுந்து பின்னிக்கொண்டபின், திரவம் ஆவியாகிப் போய்விடுகிறது. பொற்கொல்லர் இரண்டு துண்டுகளைச் சேர்க்கப் பற்றாசு வைப்பார். இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, இடைவெளி தெரியாமலிருக்க ஓரிரு அசைகளைப் புலவர்கள் கூட்டுவதுண்டு. அந்தப் பற்றாசின் நினைவாக யாப்பிலக்கணம் அதையும் ஆசு என்றே சொல்கிறது. அக்ரிலிக் இணைப்பில் வைத்த ஆசு வேலையை முடித்துவிட்டுக் காற்றோடு போய்விடுகிறது. ஆசு என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. நல்ல அக்ரிலிக் இணைப்பு இரண்டு பொருளிலும் ஆசற்றது. நம் ஊர்ப் பெயர்ப்பலகைக் கடைகளில் குளோரோஃபார்மை ஊசியில் எடுத்து எழுத்துகளை ஒட்டுகிறார்களே, அதுவும் இதே வேதியியல்தான். இரண்டு திரவங்களின் ஆவியும் உடலுக்குக் கேடு. டைகுளோரோமீத்தேனைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுக்கும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் வெளியிட்டது. நல்ல காற்றோட்டம் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இத்தனை பாடுபட்டுக் குமிழை விரட்டிச் செய்த கலத்துக்குள் நடப்பது என்ன? குமிழ் வளர்ப்பு! நுரைபிரிப்பான் என்பது உயரமான ஓர் அக்ரிலிக் குழாய். அடியிலிருந்து பம்பு காற்றைப் பொடிப்பொடியாக உடைத்து நீரோடு கலக்கிறது. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருக்கும் கரிம மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். அவை குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். ஒரு லிட்டர் காற்றை ஒரு மில்லிமீட்டர் குமிழ்களாக உடைத்தால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டராக உடைத்தால் 12, அதாவது ஒரு படுக்கையறையின் தரை அளவு. நன்னீரில் குமிழ்கள் தொட்டதும் ஒன்றாகிப் பெருத்துவிடும். கடல்நீரின் உப்பு அதைத் தடுக்கிறது. அலை விட்டுப்போகும் வெண்ணுரை சட்டென்று கலையாமல் மணலில் தங்குவதிலும் இந்த உப்புக்குப் பங்குண்டு. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பொங்கிவரும் அழுக்கு நுரையை வழித்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவியை விளக்கவே வேண்டாம்.

இதிலும் நான் நின்று ரசிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அடியில் கிடக்கும் துளைத்தட்டு. சுழன்றுவரும் நீர் நூற்றுக்கணக்கான சிறு துளைகளைக் கடக்கும்போது சீற்றம் அடங்கி, குமிழ்கள் மேகம்போல் நேராக எழும். இரண்டாவது, நுரை ஏறி மேலே உள்ள கோப்பையில் சேரும் கழுத்து. அதன் அடியில் நீர்மட்டத்தை ஒரு விரற்கடை ஏற்றினால் கோப்பையில் வெளிறிய தேநீர் நிறத்தில் கழிவு சேரும். இறக்கினால் கருத்த குழம்பாக வரும். ஒரு வால்வைக் கால் சுற்று திருப்பி இந்தப் பதம் பார்க்கிறார்கள். புதுக் கலம் முதல் சில நாள் சரியாக நுரைக்காது. அதற்கும் பொறுமை வேண்டும்.

நுரைபிரிப்பான் நிற்பது சம்பில். நம் வீட்டுச் சம்பு மண்ணுக்குள் இருக்கும். இது தொட்டிக்கு அடியில், அறைகளாகத் தடுத்த பெட்டி. கடைசி அறைக்கு முன்னால் மூன்று தடுப்புகள் நிற்கும். முதலாவதன் மேலே வழிந்து, இரண்டாவதன் அடியில் நுழைந்து, மூன்றாவதன் மேலே ஏறி நீர் போக வேண்டும். ஓர் அங்குல இடைவெளியில் நீர் கீழே இறங்கும்போது, தப்பிவந்த குமிழ்கள் மேலே மிதந்து உடைந்துவிடும். மேல் தொட்டிக்குப் போவது தெளிநீர் மட்டும்.

பக்கத்தில் இன்னொரு குழாயில் பழைய பவளச் சல்லி நிரம்பியிருக்கும். அதற்குள் கரியமில வாயுவைக் குமிழ் குமிழாக விட்டால் நீர் புளித்து, சல்லி கரைந்து, உயிருள்ள பவளம் எலும்பு கட்டத் தேவையான கால்சியமும் கார்பனேட்டும் கிடைக்கும். வாயு போகும் வழியில் விரல் பருமனுக்கு ஒரு தெளிந்த குழல். நிமிடத்துக்கு எத்தனை குமிழ் என்று எண்ணிப் பார்க்க. இணைப்பில் விரட்டிய குமிழை இங்கே ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.

சின்ன விஷயங்களிலும் அக்கறை தெரியும். திருகாணி எல்லாம் நைலான். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சு. நீர் வழியும் விளிம்பில் சீப்புப்போல் வெட்டிய பல்வரிசையின் உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்திருப்பார்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

இந்தக் கருவிகளை விருந்தினர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே செய்கிறார்கள். அடுத்தமுறை ஒரு பவளத் தொட்டியின் முன் நின்றால், நீங்களும் அலமாரிக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கைவிளக்கைப் பிடித்து மூலை இணைப்பைப் பாருங்கள். இணைப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தால், அது நல்ல வேலை.