‘தலைமுழுகுதல்’: ஒரு சொல்லும் அதன் சமுதாயத் தளமும்

உறவறுத்தலைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. விலக்குதல், தள்ளிவைத்தல், கைகழுவுதல் என்பனவற்றை ஒருபொருட் சொற்களாகக் கொள்வது அகராதி மனப்பான்மையின் விளைவே. இவற்றுள் ‘தலைமுழுகுதல்’ தனித்து நோக்கற்பாலது. தலையில் நீர்வார்த்துக் குளித்தலே அதன் நேர்ப்பொருள். ஆயின், “அவனை நான் அன்றைக்கே தலைமுழுகிவிட்டேன்” என்று ஒரு தந்தை மகனைப்பற்றிக் கூறும்போது, செத்தவீட்டு முழுக்கு நினைவுக்கு வருகின்றது. இறந்தவர் பொருட்டுச் செய்வதை உயிருள்ளவர் பொருட்டுச் செய்துவிட்டதாகச் சொல்வதே அத்தொடரின் கொடுமை.

யார் யாரைத் தலைமுழுகலாம்? வழக்கை அவதானிப்பின், சொல் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே செல்கின்றது: தந்தை மகனை, கணவன் மனைவியை. சாதிவிட்டு மணமுடித்த பிள்ளைமீது அது ஏவப்படுகையில் வாயளவிற் பேசப்படுவது மானம். அடியில் நிற்பது காணி. ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடுகள் இரத்த உறவுக்கும் சொத்துறவுக்கும் உள்ள பிணைப்பை நன்கு காட்டும். காணியற்ற கூலியாளன் அதே சொல்லைக் கூறினால் அது மனவேதனையின் வெளிப்பாடு. காணியுடையவன் கூறினால் அது தண்டனை.

இங்கு முரண்பாடொன்று மனங்கொளத்தக்கது. யாழ்ப்பாணத்து உயர்சாதியார் செத்தவீட்டில் வெள்ளை கட்டவும், சவரஞ் செய்யவும், பறை முழக்கவும் அடிமை குடிமை முறையாற் பிணிக்கப்பட்டோர் வேண்டப்பட்டனர். அவர்தம் ஊழியமின்றிச் சடங்கு நிறைவுறாது. உறவு முடிந்ததென அறிவிக்கும் முழுக்கே, முடித்துக்கொள்ள இயலாத இன்னோர் உறவின் மேல் நிகழ்ந்தது! ‘நயினாரைத் தலைமுழுகினேன்’ என்னும் வாக்கியத்துக்கு அவ்வமைப்பில் இடமேயில்லை. ஒடுக்கப்பட்டோர் பறையடிக்க மறுத்தபோது, உறவை முறிக்கும் உரிமை கீழிருந்தும் கோரப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தையும் இவ்வுரிமைக் குரலினின்று பிரித்து நோக்கவியலாது.

கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலை இக்கோணத்திலும் அணுகவேண்டும். அதன் கட்டுக்கோப்புத் தளர்ச்சியை நானும் மறுக்கவில்லை. ஆனால், 1960களில் மரபுவாதிகள் ‘இழிசனர் வழக்கு’ என ஒதுக்க முற்பட்ட பேச்சுமொழியே அங்கு கதைமாந்தரின் நாவில் ஒலிக்கின்றது. ‘தலைமுழுகுதல்’ போன்ற ஒரு சொல்லை யார் சொன்னார், யாரை நோக்கிச் சொன்னார் என்பதை அத்தகைய உரையாடல்களிலேயே தேடமுடியும். செந்தமிழாக்கித் திருத்திய பதிப்பில் அத்தடயம் அழிந்துபோயிருக்கும்.