பிரோலியோ: பாரன் எழுதிய ஒரு வரி

இத்தாலியின் தொஸ்கானாவில் உள்ள பிரோலியோ கோட்டையைப் பார்த்து வந்தவர்கள் பலரும் மதிலைப் புகழ்கிறார்கள். மாளிகை என்றதும் முகம் சுளிக்கிறார்கள். இடைக்காலக் கோட்டையின் தலையில் 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடமா என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தச் செங்கல்தான் பிடிக்கும். சியெனாவுக்கு எதிரே ஃபுளோரன்ஸ் வைத்திருந்த எல்லைக்காவல் இந்தக் கோட்டை. 1478இல் அரகோன் படை தகர்த்தது. ஃபுளோரன்ஸ் கொத்தளங்களோடு மீண்டும் கட்டியது. அப்படி ஒவ்வொரு காலமும் கைவைத்த இடத்தில் செங்கல் மாளிகையை எழுப்பிய பாரன் பெத்தினோ ரிக்காசோலி மட்டும் ஏன் சும்மா இருந்திருக்க வேண்டும்? சாம்பல் கல் முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். கீழே போருக்கான சரிவு மதில், மேலே கூர்வளைவு ஜன்னல்கள். கோட்டைச் சுவரிலேயே இரண்டாம் உலகப்போரின் குண்டுகள் பறித்த குழிகளும் இருக்கின்றன.

இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்தவர் அவர். இருந்தாலும் என் மனம் எப்போதும் 1872இல் பீசா பேராசிரியர் ஸ்துதியாத்திக்கு, கியாந்தி ஒயினின் கலவை பற்றி அவர் எழுதிய கடிதத்துக்கே போகும். சாஞ்சோவேசே திராட்சை மணமும் வீரியமும் தரும், கனயோலோ திராட்சை அதன் கரடுமுரடைத் தணிக்கும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். வெள்ளைத் திராட்சையான மல்வசியாவைப் பற்றிய வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். நாள்பட வைக்கும் ஒயினுக்கு அது வேண்டாம். அன்றாடச் சாப்பாட்டு மேசைக்கான ஒயினை அது இலகுவாக்கும் என்கிறார். சேர்ப்பதும் விடுவதும் ஒயின் போகும் இடத்தைப் பொறுத்தது. பல்லாண்டு சோதித்துப் பார்த்தவரின் நிதானம் அது.

அந்த நிதானம் சட்டம் எழுதியவர்களிடம் இல்லை. 1967 விதி, கியாந்தியில் 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை கட்டாயம் என்றது. கடிதத்தின் கலவையில் பெயரே வராத திரெபியானோவும் அந்தக் கணக்கில் நுழைந்தது. நிறம் வெளுத்தது, சுவை நீர்த்தது, பழி பாரன் தலையில் விழுந்தது. கபர்னே திராட்சை கலந்தால்தான் தொஸ்கானா ஒயினுக்கு உயிர் வரும் என்று வாதிடும் நண்பர்கள் இன்றும் இந்தக் காலத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். விதியின் குற்றத்தைத் திராட்சைமேல் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு 2006இல், பிரோலியோ அடங்கும் வட்டாரத்தின் ஒயினான கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கே தடை வந்தது. நாள்பட வைக்கும் ஒயினுக்கு நல்லதுதான். ஆனால் மல்வசியா கலந்த அந்த இலகுவான மேசை ஒயினை, பாரனின் சொந்தத் தோட்டத்திலேயே செய்தாலும் கியாந்தி கிளாசிக்கோ என்று இனி விற்க முடியாது.