பூக்காத ஆர்க்கிட்டுக்கு என்ன பெயர்?

தென்னிந்தியக் காட்டு ஆர்க்கிட்களை அடையாளம் காண மூன்று பழைய புத்தகங்களை இந்த வருஷம் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஹார்ட்டஸ் மலபாரிக்கஸின் 12ஆம் தொகுதி (1693), ராபர்ட் வைட்டின் ‘ஐகோன்ஸ்’ (1838–1853), கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலில் சி.இ.சி. ஃபிஷர் எழுதிய ஆர்க்கிட் பகுதி (1928). மூன்றையும் ஒரே கேள்வியோடுதான் படித்தேன்: பூவே இல்லாத செடி முன்னால் நிற்கிறவனுக்கு இவை என்ன சொல்லும்?

ஏன் இந்தக் கேள்வின்னா, ஆர்க்கிட் வருஷத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். மிச்ச நாளெல்லாம் வேரும் இலையும்தான். நாம் காட்டுக்குப் போவது அந்த மிச்ச நாளில்தான்.

பதில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். மூன்றில் மிகப் பழையதுதான் பூ இல்லாத செடியைப் பற்றி அதிகம் பேசுகிறது. அதற்குப் பிறகு வந்தவற்றில் துல்லியம் கூடக் கூட, மரத்தடியில் நிற்பவனுக்குக் கிடைப்பது குறைகிறது. இன்றைய புகைப்பட அடையாளம் இருக்கிறதே, அதில் துல்லியமும் இல்லை, உதவியும் இல்லை. இதுதான் என் குற்றச்சாட்டு. இனி ஒவ்வொன்றாக.

ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ் டச்சு கவர்னர் வான் ரீட் கொச்சியில் இருந்தபோது தொடங்கி, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். கடைசித் தொகுதியில் மர ஆர்க்கிட்கள் வரிசையாக வருகின்றன. பெயர்களைப் பாருங்க: ‘அன்ஸ்ஜெலி மரவாரா’, ‘கன்ஸ்ஜிராம் மரவாரா’, ‘பொன்னம்பூ மரவாரா’. டச்சு எழுத்துக்கூட்டலைக் கழற்றினால் தமிழனுக்கு உரையே வேண்டாம். மரவாழை! ஆஞ்சிலி மரவாழை, காஞ்சிர மரவாழை, பொன்னம்பூ மரவாழை. ஆஞ்சிலி நம் குமரி மாவட்டத்து அயினி. காஞ்சிரம் எட்டி மரம்.

பெயர் அமைப்பு எவ்வளவு சுத்தம் பாருங்க. பின்பாதி இனம்: மரத்தில் ஏறி வாழும், வாழை மாதிரி பட்டை இலைச் செடி. முன்பாதி வகை: எந்த மரத்தில் பார்த்தோம், அல்லது பூ என்ன நிறம். லின்னேயஸின் இருசொல் பெயருக்கு 60 வருஷம் முன்னாடியே இரண்டு சொல்லில் வேலையை முடித்திருக்கிறார்கள்.

இதில் ஓட்டை இருக்கு. காஞ்சிர மரவாழை என்ற சிம்பிடியம் அலோயிஃபோலியம் எட்டி மரத்தில் மட்டும் வளர்வதில்லை. பனை, மா என்று பிடி கிடைத்த இடமெல்லாம் வளரும். மரத்தை வைத்துப் பெயர் சொன்னால் பாதி நேரம் தப்பாகும். டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், மாறக்கூடிய ஒரு தகவலை பிரைமரி கீ ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் அந்தத் தகவலைப் பதிவு செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இன்றைய படங்களில் செடி எந்த மரத்தில் இருந்தது என்று எழுதுகிறவர் எத்தனை பேர்?

அடுத்து லின்னேயஸ். 1753ல் இந்த மலபார்ச் செடிகளுக்கு அவர் கொடுத்த பெயர்கள்: எபிடெண்ட்ரம் ரெட்யூசம், எபிடெண்ட்ரம் அலோயிஃபோலியம், எபிடெண்ட்ரம் ஸ்பேதுலேட்டம். எபிடெண்ட்ரம் என்றால் ‘மரத்தின் மேல்’. மரவாழையில் வாழை போய் மரம் மட்டும் மிஞ்சியது. இரண்டாம் சொல்லைக் கவனிங்க. ரெட்யூசம், நுனி மழுங்கிக் குழிந்தது. அலோயிஃபோலியம், கற்றாழை இலை கொண்டது. ஸ்பேதுலேட்டம், கரண்டி வடிவம். மூன்றுமே உருவத்தைச் சொல்லும் சொற்கள், அதிலும் முதல் இரண்டு இலையின் உருவத்தை! மலபாருக்கு வராமல், ரீடின் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்த மனிதருக்குப் படத்தில் பெரிதாகத் தெரிந்தது இலை. நேர்மாறாக, செடியை உயிரோடு பார்த்த ராக்ஸ்பர்க் 1795ல் ஒரு ஆர்க்கிட்டுக்கு டெஸ்ஸெலேட்டம் என்று பெயர் வைத்தார். பூவிதழில் இருக்கும் கட்டம் போட்ட கோலத்துக்காக. நம்மூர் மாமரங்களில் இருக்கும் வாண்டா டெஸ்ஸெலேட்டா அதுதான்.

பார்க்காதவர் இலையால் வைத்த பெயர்தான் பூ இல்லாத நாளில் எனக்கு உதவுகிறது, பார்த்தவர் பூவால் வைத்தது உதவவில்லை. இது வேடிக்கைதான், ஆனால் உண்மை. நரிவால் ஆர்க்கிட் என்று சொல்லும் ரைங்கோஸ்டைலிஸ் ரெட்யூசாவின் இலை நுனியைப் பூக்காத மாதத்தில் பார்த்தாலும் லின்னேயஸ் சொன்ன அந்த மழுங்கல் தெரியும்.

லின்னேயஸ் போட்ட முதல் சொல் எதுவும் நிலைக்கவில்லை. எபிடெண்ட்ரம் இன்று அமெரிக்கக் கண்டத்து ஆர்க்கிட்களுக்கு மட்டும். பொன்னம்பூ மரவாழை எபிடெண்ட்ரத்திலிருந்து வாண்டாவுக்குப் போனது, 1992ல் டாப்ரோபேனியா என்ற புதிய இனத்துக்குப் போனது. இலங்கையின் பழைய கிரேக்கப் பெயர் அது. முதல் சொல் மாறிக்கொண்டே இருக்க, ‘கரண்டி வடிவம்’ என்ற இரண்டாம் சொல் மட்டும் 1753லிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. பெயர் மாறுவதைக் கண்டு சலித்துக்கொள்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபோல்டர்தான் மாறுது, ஃபைல் பெயர் மாறலை.

இப்போது வைட். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர், பல வருஷம் கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர். ‘ஐகோன்ஸ்’ 6 தொகுதி, 2,101 படங்கள். படங்களைப் பெரும்பாலும் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். மூன்று நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காரணம் அழகு இல்லை. முழுச்செடிக்குப் பக்கத்தில் பூவைப் பிரித்துத் தனித்தனியாகப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள்: உதடு, ஆணும் பெண்ணும் சேர்ந்த அந்தத் தூண், மகரந்தத் திரள். ஒரு பக்கத்திலேயே வாதமும் இருக்கு, ஆதாரமும் இருக்கு. ‘இது இன்னது’ என்று வைட் சொல்வதை நம்பாவிட்டால், படத்தை வைத்தே அவரோடு சண்டை போடலாம். இன்றைய படத்தொகுப்புகளில் எனக்குக் கிடைக்காத சுதந்திரம் அது.

கோவிந்து பெயரில் வைட் ஒரு ஆர்க்கிட் இனத்தையே உருவாக்கினார், ‘கோவிந்தூயியா’ என்று. காலனி காலத்தில் ஒரு இந்திய ஓவியருக்கு இப்படி ஒரு மரியாதை அபூர்வம். ஆனால் அந்தச் செடிக்கு லிண்ட்லி ஏற்கெனவே வைத்த டிராப்பிடியா என்ற இனப்பெயர் பொருந்தும் என்று ஆனது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. கோவிந்து இணைப்பெயர்ப் பட்டியலுக்குப் போய்விட்டார். விதியைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லையென்றால் பெயர்களில் கூத்துதான். ஆனாலும் இணைப்பெயர்ப் பட்டியலைக் குப்பைத்தொட்டி என்று நினைத்துத் தாண்டிப் போகாதீங்க. இந்தத் துறையின் மனிதர்கள் பலர் அங்கேதான் இருக்காங்க.

வைட்டிடம் என் குறை ஒன்றுண்டு. அவர் பக்கங்களில் கண்ணைப் பிடித்து இழுப்பது பூவின் உள்ளமைப்பு. இலை இருக்கும், அழகாகவே இருக்கும், ஆனால் இலை நுனியைப் பெரிதாக்கிப் போட யாருக்கும் தோன்றவில்லை. கவனம் ரீடிடமிருந்து இங்கே நகர்ந்துவிட்டது.

ஃபிஷரிடம் அந்த நகர்வு முழுமை. இத்தனைக்கும் அவர் வன அலுவலர், ஆனைமலைக் காடுகளில் நடந்து தாவரக் கணக்கெடுப்பு எழுதியவர். கேம்பிள் 1925ல் இறந்தபின் நூலை முடித்தவர் அவர்தான். ஆர்க்கிட் பகுதியில் படம் கிடையாது. திறவுகோல் மட்டும். எங்க தொழிலில் சொல்லும் இஃப்–எல்ஸ் ஏணிதான் அது, ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கீழே இறங்கணும். சில படிகளுக்குள்ளேயே மகரந்தத் திரள் எத்தனை என்று கேட்கும். இரண்டா, நாலா, எட்டா? கையில் பூ இல்லையா, ப்ரோக்ராம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த படிக்குப் போக வழியே இல்லை. காய்ந்த மாதிரியை உலர்தாவரக் கூடத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடையாது, இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். மரத்தடிக்கு அது எழுதப்படவில்லை.

சரி, இன்றைக்கு? பூவை நேர் முன்னால் வைத்து, பின்னணியை மங்கலாக்கி, ஒரு படம். கீழே இருசொல் லத்தீன் பெயர். ஹாபனேரியாவை எடுத்துக்கொள்ளுங்க. அதில் இனங்களைப் பிரிக்கப் பூவின் பின்னால் தொங்கும் குழல் சூலகத்தை விட நீளமா, குட்டையா என்று பார்க்கணும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் அந்தக் குழல் மறைந்தே போகும். ஓபிரோனியா இன்னும் மோசம். பூ ஒன்று இரண்டு மில்லிமீட்டர், உதட்டின் ஓரத்தில்தான் வித்தியாசமே இருக்கு. முழுச் செடியைத் தூரத்திலிருந்து எடுத்து இனப்பெயர் போடுகிறவர் எதை வைத்துப் போடுகிறார்? எங்க வேலையில், மறுபடி செய்து காட்ட முடியாத பக் ரிப்போர்ட்டை மூடிவிடுவோம். இங்கே அப்படிப்பட்ட பெயர் அடுத்தவரின் படத்துக்கு ஆதாரமாகி, அது அதற்கடுத்தவருக்கு ஆதாரமாகி ஓடிக்கொண்டே இருக்கு. ‘ஓபிரோனியா, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவது தோல்வி இல்லை. பல நேரம் அதுதான் சரியான விடை.

இதெல்லாம் புத்தகப் புழுவின் கவலை என்று நினைக்க வேண்டாம். சாலை அகலமாகும்போது ஓர மரங்கள் விழுகின்றன. வெட்டும் தேதி பூக்கும் மாதம் பார்த்து வருவதில்லை. கோவைப் பக்கம் அப்படி விழுந்த ஒரு பழைய மாமரத்தின் கிளைகளில் நாலைந்து வாண்டா கொத்துகளைப் பார்த்தேன். வெட்டிய அண்ணன் கேட்டார், ‘அது புல்லுருவிங்க சார், மரத்தத் திங்கிறது, அத எதுக்கு எடுக்கிறீங்க?’ அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாண்டா என்ற சொல்லே சமஸ்கிருதத்தில் மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி வகைகளைக் குறிப்பதுதான். ஆனால் இந்தச் செடி மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. வெள்ளை வேரின் பஞ்சு போன்ற மேலுறை மழை நீரைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தால் பச்சையாகும். புல்லுருவி மாதிரி கிளைக்குள்ளே இறங்காது. அந்த வேரையும், நடுவில் மடிந்து வளைந்த தோல் போன்ற இலையையும், கடித்து வைத்தது போன்ற நுனியையும் காட்டினேன். ரெண்டு நிமிஷத்தில் அடுத்த கிளையில் இருந்ததை அவரே காட்டினார். அவருக்கு மகரந்தத் திரள் தேவைப்படவில்லை. ஃபிஷரோடு போயிருந்தால் நான் முதல் ஏணிப்படியிலேயே நின்றிருப்பேன்.

இலை எல்லாவற்றையும் சொல்லாது. வாண்டா டெஸ்ஸெலேட்டாவையும் அதன் நெருங்கிய உறவுகளையும் இலையை மட்டும் பார்த்துப் பிரிக்க நான் துணிய மாட்டேன். விசிறி மாதிரி தட்டையாக அடுக்கிய இலையைப் பார்த்து ஓபிரோனியா என்பேன், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். தரையில் வளரும் ஹாபனேரியாவோ மழை முடிந்தால் மண்ணுக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். நெர்விலியா இன்னும் விசித்திரம்: பூ முதலில் தனியாக வந்து போகும், பிறகு ஒரே ஒரு இலை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவே முடியாது. மலையாளத்தில் அதற்கு ‘ஓரிலத்தாமர’ என்று பெயர், கண்ணுக்கு அதிக நாள் தெரியும் இலையை வைத்து. நம்ம நாட்டு மருந்துக் கடை ‘ஓரிதழ் தாமரை’ முற்றிலும் வேறு செடி, ஆர்க்கிட்டே இல்லை. இலைக்கும் இதழுக்கும் நடுவே ஓரிரு எழுத்துதான் குறுக்கே நிற்கிறது. தேடல் பெட்டியில் அந்த எழுத்து அடிக்கடி தொலைகிறது.

லத்தீன் பெயரை அப்படியே தமிழில் பெயர்த்து ‘கட்டப்பூ வாண்டா’ என்று வைக்கிற பாணியும் எனக்கு ஒப்பவில்லை. 1693லேயே அச்சான மரவாழை இருக்கு. இரண்டு மொழிக்காரருக்கும் புரியும், வாழை இலையைப் பார்த்த குழந்தைக்கும் புரியும். என் அட்டவணையில் இனப்பெயருக்கு முன்னால் இப்போது நாலு கட்டம் வைத்திருக்கிறேன்: நின்ற மரம், இலை நுனி, வேர், பூவின் பக்கவாட்டுப் படம் இருக்கா இல்லையா. இனப்பெயர்க் கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருக்கு. இடத்துக்கு மட்டும் மாவட்டம் தாண்டி எதுவும் எழுதுவதில்லை. அகஸ்தியமலையின் பாபியோபெடிலம் ட்ரூரியை விற்பனைக்காகத் தோண்டித் தோண்டி எந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள் என்று படித்த பிறகு, துல்லியமான இடக்குறிப்பை வெளியே போட எனக்கு மனசு வரலை.